கோடைல கிராமத்துப் பங்குக்கு அனுப்பறாங்க, அங்க போய் நான் என்ன பண்றது?

கேள்வி, ஏப்ரல் 11

நான் சென்னை. பாதர் ஆகறதுக்குப் படிக்கற குருமடத்துல தத்துவவியல் ரெண்டாவது வருஷம். மே மாசம் முழுக்க ஒரு கிராமத்துப் பங்குல, அதாவது ஒரு கோயிலச் சேர்ந்த வட்டாரத்துல, இருக்கணும்னு சொல்லிட்டாங்க, தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். எனக்கு விவசாயம்னா ஒண்ணுமே தெரியாது. அந்த ஜனங்களுக்கு நான் போய் என்ன சொல்லிக் கொடுக்கப் போறேன்? ஒரு மாசம் வீணாப் போகும்னுதான் தோணுது. போயிட்டு வந்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஏப்ரல் 11, இரவு 10.20

போன வருஷம் நான் போனேன். அதே பக்கம்தான், பாலக்கோட்டுக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவுல ஒரு கிளைப்பங்கு, ஊர் பேரு வேணாம். நான் பெரம்பூர்ல பொறந்து வளந்தவன். பெங்களூர் ஹைவேல போறப்ப கிருஷ்ணகிரி கிட்ட ரெண்டு பக்கமும் மாந்தோப்பு வரும், பஸ் ஜன்னல்ல அத பாத்ததோட சரி, அதுதான் எனக்குத் தெரிஞ்ச விவசாயம்.

வீணாப் போகாது. ஆனா "என்ன சொல்லிக் கொடுக்கப் போறேன்"ங்கற கேள்விய வீட்டுலயே வெச்சுட்டுப் போங்க. அங்க எத்தனை மணிக்கு யாருக்கு கை ஓயுதுன்னு கண்டுபிடிக்கறதுதான் முதல் வேலை. எனக்கு அது புரியவே பத்து நாள் ஆச்சு. நாளைக்கு விவரமா எழுதறேன்.

ஏப்ரல் 12, காலை 6.15

மணி கதைய சொல்றேன். போன உடனே பிள்ளைங்களுக்கு கோடை மறைக்கல்வி முகாம் வெக்கணும்னு பாதர் சொன்னார். எங்க பங்குல காலைல 9 மணிக்குத்தான் எப்பவும் ஆரம்பிப்போம், நானும் 9க்கே கோயில் மணிய அடிச்சேன். மூணு பேர் வந்தாங்க. அடுத்த நாள் அஞ்சு பேர். எனக்கு கோவம், பெத்தவங்களுக்கு அக்கறை இல்லன்னு உபதேசியார்கிட்ட (பாதருக்கு உதவியா ஊர்ல ஜெபம், மறைக்கல்வி பாத்துக்கறவர்) சொன்னேன். அவருக்கு எழுபது வயசுக்கு மேல, எதுக்கும் உடனே பதில் சொல்ல மாட்டார். மூணாம் நாள் விடியக்காலை அஞ்சு மணிக்கு வந்து எழுப்பி ஒரு தக்காளித் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். என் முகாம் பிள்ளைங்க மொத்தமும் அங்க இருந்தாங்க. வெயில் ஏறதுக்குள்ள பறிச்சு பொட்டில அடுக்கி பாலக்கோடு மண்டிக்கு அனுப்பணும், லேட்டா போனா விலை போயிடும், அதனால வீட்டுல இருக்கற எல்லா கையும் வயல்ல.

முகாம சாயங்காலம் நாலு மணிக்கு மாத்தினேன். முப்பது பேருக்கு மேல வந்தாங்க.

வந்த பிள்ளைங்க விரலெல்லாம் பச்சையும் கறுப்புமா ஒரு பிசுக்கு. கை கழுவிட்டு வான்னு நானே சோப்பு குடுத்தேன், எவ்வளவு தேச்சாலும் போகல, நுரைதான் பச்சையா வருது. ஒரு ஆறாங்கிளாஸ் பொண்ணு, "சோப்பு வேஸ்ட் பிரதர், தக்காளிச் செடி கறை தக்காளிக்குத்தான் போகும்"னு சொல்லி பாவாடைல முடிஞ்சு வெச்சிருந்த ஒரு நசுங்கின பழத்த எடுத்து என் கைலயே பிழிஞ்சு தேச்சு காட்டுச்சு. உண்மையாவே போச்சு. காலைல ஒரு மணி நேரம் பறிச்சதுல என் விரல்லயும் கறை ஏறியிருந்தத அந்தப் பொண்ணுதான் கவனிச்சிருக்கு, நான் கவனிக்கல.

ஏப்ரல் 12, காலை 6.40

ஒண்ணு விட்டுட்டேன். டார்ச் எடுத்துட்டுப் போங்க, போன் லைட் பத்தாது. ஊர்னா ஒரே இடத்துல நெருக்கமா வீடுங்க இருக்கும்னு நினைக்காதீங்க. பாதி குடும்பம் அவங்கவங்க நிலத்துலயே வீடு கட்டிட்டு இருக்கு, அத கொட்டாய்னு சொல்வாங்க. அந்தப் பக்கம் ஊர் பேருங்களே பாருங்க, இன்னார் கொட்டாய் அன்னார் கொட்டாய்னு இருக்கும். வீடு சந்திக்கறதுன்னா ஒரு கொட்டாயிலேர்ந்து இன்னொரு கொட்டாய்க்கு வரப்பு மேல நடக்கறதுதான்.

ஏப்ரல் 14, இரவு 9.50

நீங்க தனியா மெசேஜ்ல கேட்டீங்க, "அவங்களோட சேர்ந்து வேலை செய்யலாமா, அதுதான நல்ல பணி"ன்னு. நானும் அப்படி நினைச்சுத்தான் போனேன். எனக்கு நடந்தத கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

அங்க நிறைய வீட்டுல பட்டுப்புழு வளர்ப்பு. மல்பெரி வெச்சிருப்பாங்க, இளம்புழுவ சென்டர்லேர்ந்து வாங்கிட்டு வந்து ஷெட்டுல வளத்து, கூடு கட்டினதும் தர்மபுரி அங்காடிக்கு ஏலத்துக்குக் கொண்டு போவாங்க. முட்டை பொரிச்சதுலேர்ந்து கூடு கட்ட ஆரம்பிக்கற வரைக்கும் 25 நாள் கிட்ட ஆகும், நாலு தடவ தோல் உரிக்கும், நாலாவது தோல் உரிச்சதுக்கு அப்புறம் வர்ற ஏழெட்டு நாள்லதான் மொத்த தீனில முக்கால்வாசிக்கு மேல தின்னும். அந்த ஏழெட்டு நாள் வீட்டுல யாருக்கும் தூக்கம் கிடையாது. ராத்திரி இலை போடறதுக்கு ஆள் இல்லாம ஒரு அக்கா தனியா கஷ்டப்படறாங்கன்னு தெரிஞ்சு, நான் வரேன் அக்கான்னு சொல்லிட்டுப் போனேன். புருஷன் பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, சனிக்கிழமை ராத்திரிதான் வருவார்.

ஷெட்டு வாசல்ல சுண்ணாம்பும் ப்ளீச்சிங் பவுடரும் கொட்டி வெச்சிருந்தாங்க, அதுல கால வெச்சுட்டு உள்ள போகணும். கால் வெச்சேன். கை கழுவினேன். ஆனா சாயங்காலமே கை, கழுத்தெல்லாம் கொசு க்ரீம் தடவியிருந்தேன். ஒரு அடுக்குல நாலு கொத்து இலை போட்டிருப்பேன், அந்த அக்கா மூக்க உறிஞ்சிட்டு அப்படியே நின்னுட்டாங்க. "சாமி, கைல என்ன பூசியிருக்கீங்க?" சொன்னேன். ஒரு வார்த்தை திட்டல. என்னை வெளிய போகச் சொல்லிட்டு அந்த இலைய மட்டும் வாரி வெளிய போட்டாங்க. காலைல போய் பாத்தா அந்த அடுக்குல புழுங்க தலைய தூக்கி ஆட்டிக்கிட்டு இருந்துச்சு, சிலது பச்சையா கக்கியிருந்துச்சு. கொசுவத்தி, புகையிலை, பூச்சி மருந்து, செண்டு, எதோட வாசனையும் அதுக்கு ஆகாது. இது அந்த ஊர்ல அஞ்சு வயசுப் பிள்ளைக்குத் தெரியும்.

நூறு முட்டைத் தொகுதிக்கு (ஒரு அந்துப்பூச்சி போடற முட்டைதான் ஒரு தொகுதி) 60லேர்ந்து 80 கிலோ கூடு வந்தா நல்ல வெள்ளாமை, அதுலதான் அவங்களுக்கு ஸ்கூல் பீஸ், வட்டி எல்லாம். அதுல ஒரு பங்க நான் கெடுத்தேன். பணம் குடுக்கறேன்னு சொன்னேன், வாங்க மாட்டேன்னுட்டாங்க. இன்னைக்கும் அது மனசுல அப்படியேதான் இருக்கு.

அதனால, தெரியாத வேலைல கை வெக்காதீங்க. வேலை நடக்கற இடத்துக்குப் போங்க, வாசல்ல உக்காருங்க, பேசுங்க.

ஏப்ரல் 15, மதியம் 1.05

மேல ஒருத்தர் எழுதியிருக்கார், "இந்த ஒரு மாசத்துல இலத்தீனோ கிரேக்கமோ படிச்சா உருப்படியா இருக்கும், இதெல்லாம் சம்பிரதாயம்"னு. இல்லைங்க. 1983ல வந்த திருச்சபைச் சட்டத்துல 258ஆம் எண்ண பாருங்க. குருமாணவர்கள படிக்கற காலத்துலயே, அதுவும் குறிப்பா விடுமுறைலதான், மேய்ப்புப்பணில பழக்கணும்னு இருக்கு. விடுமுறைன்னே சொல்லியிருக்கறது எனக்கு முன்னாடி படிக்கறப்ப உறைக்கல. கிரேக்கத்த ஜூன்ல படிச்சுக்கலாம், மண்டிக்குப் போற தக்காளிய மே மாசம்தான் பாக்க முடியும்.

ஏப்ரல் 16, இரவு 11.30

14ஆம் தேதி எழுதினத திரும்பப் படிச்சேன். "கை வெக்காதீங்க"ன்னு எழுதினது பாதிதான் சரி, திருத்தணும்.

மே மூணாவது வாரம் ஒரு சாயங்காலம் சூறைக்காத்து. மழை பத்து நிமிஷம், காத்து அரை மணி நேரம். எங்க பங்குல ஒருத்தர் அடுத்தவர் தோப்ப பூ பூத்தப்பவே குத்தகைக்கு எடுத்திருந்தார், கடன் வாங்கி. எல்லாம் பெங்களூரா மரம், நம்ம ஊர்ல கிளிமூக்குன்னு விப்பாங்களே அது. அங்க அது பெரும்பாலும் மாங்கூழ் ஃபேக்டரிக்குத்தான் போகும். அறுப்புக்கு இன்னும் மூணு வாரம் இருந்துச்சு. நானும் உபதேசியாரும் ஓடினோம். தரை தெரியல, அவ்வளவு காய். அவர் வரப்புல தலைய புடிச்சுட்டு உக்காந்திருந்தார். என்னைப் பாத்ததும், "ஏன் சாமி இப்படி?"ன்னு கேட்டார்.

நான் பைய தொறந்து அபக்கூக்கு மூணாம் அதிகாரம் எடுத்தேன். அத்திமரம் துளிர்க்காம போனாலும் திராட்சைக் கொடி காய்க்காம போனாலும் ஆண்டவர்ல மகிழ்வேன்னு வருமே அந்த இடம். இதவிட பொருத்தமான பகுதி முழு விவிலியத்துலயும் கிடையாதுன்னு அப்ப நினைச்சேன், இப்பவும் நினைக்கறேன். ரெண்டு வசனம் படிச்சிருப்பேன், அவர் சம்சாரம் சாக்க உதறிக்கிட்டே, "பிரதர், இருட்டறதுக்குள்ள பொறுக்கணும், அப்புறம் படிங்க"ன்னாங்க. அடிபட்ட காய் ராத்திரி கெடந்தா அடிபட்ட பக்கம் கறுத்துப் போயிடும், ஊறுகாய்க்குக்கூட எடுக்க மாட்டாங்க. அன்னைக்கே மூட்டை கட்டினா ஏதோ ஒரு விலை கிடைக்கும்.

புத்தகத்த மூடி பைல வெச்சுட்டு பொறுக்கினேன். காய் பொறுக்கறதுக்கு எந்தத் தொழிலும் தெரிய வேண்டியதில்ல, குனிஞ்சா போதும். ஊரே வந்துச்சு, மாரியம்மன் கோயில் பூசாரி வீட்டுப் பசங்க கூட வந்தாங்க, ட்ராக்டர் லைட்டுல பத்து மணி வரைக்கும் பொறுக்கினோம். காம்புல வடியற பால் பட்டு என் புறங்கை எரிஞ்சு ரெண்டு நாள்ல கறுத்துப் போச்சு.

மறுநாள் ராத்திரி அவரே வந்து, "நேத்து ஏதோ படிச்சீங்களே, அத முழுசா படிங்க"ன்னார். படிச்சேன். விளக்கம் எதுவும் சொல்லல. கடைசி வரைக்கும் கேட்டுட்டு, "இது எழுதினவனும் குத்தகைக்காரனா இருப்பான்"ன்னார். அவர் சம்சாரம் சிரிச்சுட்டாங்க, அவரும் சிரிச்சார்.

அதே வசனம்தான், முந்தின நாள் சாயங்காலம் அது இடைஞ்சல். நான் மொதல்ல சொன்ன மணி விஷயம் இதுக்கும் பொருந்தும்.

ஏப்ரல் 17, காலை 7.00

"அப்ப எந்த வேலை செய்யலாம், எது கூடாது"ன்னு கேட்டிருக்கீங்க. தூக்கறது, பொறுக்கறது, புடிச்சுக்கறது செய்யலாம். வெட்டறது, தெளிக்கறது, புழு ஷெட்டு, மாடு, கேக்காம தொடாதீங்க. கேட்டா சொல்வாங்க.

ஏப்ரல் 19, இரவு 10.00

ஒரு விஷயம் எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுட்டே இருந்தேன். எழுதிடறேன், ஏன்னா நான் தப்பா நினைச்சேன், நீங்க நினைக்கக் கூடாது.

முதல் வாரம் அன்பியக் கூட்டத்துல (பக்கத்துப் பக்கத்து குடும்பங்க சேர்ந்து ஜெபிக்கற சின்னக் குழு) பெரியவங்க நிறைய பேருக்கு பல்லு மஞ்சளும் பழுப்புமா கோடு விழுந்திருந்துச்சு. புகையிலை, வெத்தலைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். மறையுரைல போதைப் பழக்கம் பத்தி ரெண்டு வரி வேற சேத்துப் பேசினேன். கூட்டம் முடிஞ்சு சிஸ்டர் ஒருத்தர் கூப்பிட்டுச் சொன்னாங்க, அது தண்ணி பிரதர்னு. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம், பாறைலேர்ந்து கரைஞ்சு வருது. சின்ன வயசுல, பல்லு உள்ளுக்குள்ள வளர்ற காலத்துல அந்தத் தண்ணிய குடிச்சா கறை பல்லோடயே வந்துடும், விளக்கினா போகாது. நிறைய வருஷம் குடிச்சவங்களுக்கு எலும்பு, மூட்டு வரைக்கும் போகும். 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது இதுக்காகத்தான், ஜப்பான் கடன்ல போட்ட திட்டம்.

அதுக்கப்புறம்தான் கவனிச்சேன். முப்பது வயசு அம்மாங்க சிரிக்கறப்ப முந்தானைய வாய்க்கு கொண்டு போறாங்க, வெக்கம்னு நினைச்சிருந்தேன். அவங்க மடில உக்காந்திருக்கற பிள்ளைங்க வாய் நிறைய பல்லு தெரிய சிரிக்குது, வெள்ளை வெளேர்னு. ஒரே வீட்டுல ரெண்டு தண்ணி.

அடுத்த ஞாயிறு, போன வாரம் நான் பேசினது தப்புன்னு கோயில்லயே சொன்னேன். பாதர் சொல்லச் சொல்லல, நானாத்தான் சொன்னேன். பூசை முடிஞ்சு ஒரு பாட்டி கன்னத்த தடவிட்டுப் போனாங்க.

ஏப்ரல் 20, காலை 5.50

நேத்து எழுதினதோட சேர்ந்தது. தண்ணின்னு சொன்னதும் இன்னொண்ணு ஞாபகம் வருது. முதல் நாள் யார் வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்கறீங்கன்னு ஊரே பாக்கும். நம்ம பங்குல எல்லாரும் ஒரே பீடத்துக்கு வர்றவங்கதான், ஆனா காலனி, ஊர்ங்கற பிரிவு கோயில் வாசலோட நின்னுடறதில்ல. 2012ல நத்தம் காலனில வீடுங்கள கொளுத்தினது இந்த மாவட்டத்துலதான், அத யாரும் மறக்கல. உபதேசியார் என்னை முதல்ல காலனிக்குத்தான் கூட்டிட்டுப் போனார், முதல் சாப்பாடும் அங்கதான், களியும் கீரை கடைசலும். அது அவர் யோசிச்சு செஞ்சது. அப்புறம் ஊர்ப் பக்கம் போனப்ப ஒரு வீட்டுல டம்ளர் வராம பேப்பர் கப் வந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லாம குடிச்சேன், அன்னைக்கு சொல்லியிருக்கணும்னு இப்ப தோணுது. நீங்க போறப்ப இத யோசிச்சு வெச்சுட்டுப் போங்க, அந்த நேரத்துல வார்த்தை வராது.

ஏப்ரல் 23, இரவு 9.15

சமாதானம் பண்ணி வெக்கறது பத்தி கேட்டீங்க. ஒரே அன்பியத்துல ரெண்டு குடும்பம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாங்க, ஜெபமாலைக்கு ஒரு வீட்டுல கூடினா மத்த வீடு வராது. பழைய கௌரவப் பிரச்சனைன்னு நினைச்சு மன்னிப்பு பத்தி பேசலாம்னு தயார் பண்ணிட்டுப் போனேன். விசாரிச்சா, ஒருத்தர் தக்காளிக்கு மருந்து அடிச்சிருக்கார், காத்துல அது பக்கத்து மல்பெரில படிஞ்சிருக்கு, அந்த இலைய போட்டதுல ஒரு ஷெட்டு புழு முழுக்க போயிருக்கு. மன்னிப்பு பத்தி நான் பேசி ஆகறது ஒண்ணுமில்ல. உபதேசியார் ரெண்டு பேரையும் டீக்கடைக்கு கூப்பிட்டார். மருந்து அடிக்கறதுக்கு முந்தின நாளே போன் பண்ணி சொல்லணும், சொன்னா இவங்க முன்கூட்டியே இலை அறுத்து வெச்சுப்பாங்க, காத்து அந்தப் பக்கம் அடிச்சா அன்னைக்கு அடிக்கக் கூடாது. அரை மணி நேரம், ரெண்டு டீ, முடிஞ்சது. புழு ஷெட்டுல என்ன போகும்ங்கறது என் கைல பூசியிருந்த க்ரீமால எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதனால அன்னைக்கு அந்தப் பேச்சு ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிஞ்சுது.

மே மாசம் மாதாவோட வணக்கமாதம்ங்கறதால தினமும் ஒரு வீட்டுல ஜெபமாலை. மாசக் கடைசில மல்பெரி வீட்டுல கூடினப்ப தக்காளிக்காரர் வீட்டம்மா வந்தாங்க, கடைசி வரிசைல.

ஏப்ரல் 24

கேட்டவருக்கு: ஜெபமாலை ராத்திரி எட்டரைக்கு மேலதான். மாடு கறந்து, பால் ஊத்திட்டு, இலை போட்டுட்டுத்தான் வருவாங்க. ஏழு மணிக்கு வெக்காதீங்க.

ஏப்ரல் 27, இரவு 10.45

மே 15 புனித இசிதோர் நாள், விவசாயிங்களுக்குப் பாதுகாவலர், மாட்ரிட்ல கூலிக்கு உழுதவர். நம்ம சவேரியாருக்கும் இவருக்கும் ஒரே நாள்லதான் புனிதர் பட்டம், 1622ல. தர்மபுரி கோவிலூர் மாதிரி பழைய கத்தோலிக்க ஊர்ல கூட இவரப் பத்தி அதிகம் பேசி நான் கேட்டதில்ல. பாதர்கிட்ட கேட்டு அன்னைக்கு விதை மந்திரிக்கறது, அதாவது ஜெபிச்சு ஆசீர்வதிக்கறது, வெச்சோம். கேழ்வரகு, நிலக்கடலை, அவரை, சாமைன்னு கொண்டு வந்தாங்க, சின்னச் சின்ன துணி முடிச்சா. ஒரு தாத்தா மட்டும் விதை கொண்டு வரல, மோட்டார் கொட்டாய் சாவிய கொண்டு வந்து பீடத்து மேல வெச்சார். "தண்ணி வந்தாத்தான் சாமி விதை, இதுக்கு முதல்ல சொல்லுங்க"ன்னார். அவர் போர் ஆயிரம் அடிக்கு மேல போயும் விட்டு விட்டுத்தான் ஊத்துதாம். பாதர் சிரிக்கல, சாவிய கைல எடுத்து தனியா ஜெபிச்சு தீர்த்தம் தெளிச்சு குடுத்தார். நீங்க போற பங்குலயும் கேட்டுப் பாருங்க, முன்னாடியே ஞாயித்துக்கிழமை பூசைல அறிவிச்சிடுங்க, இல்லன்னா கூலிக்குப் போயிடுவாங்க.

ஏப்ரல் 29, இரவு 9.30

நாளைக்குக் கிளம்பறேன்னு எழுதியிருக்கீங்க, சந்தோஷம். ரெண்டு கேள்விக்கும் பதில்.

மொழி: தமிழ் போதும். சில வீட்டுல உள்ள தெலுங்கு பேசுவாங்க, கன்னடமும் உண்டு, ஜெபம் மட்டும் தமிழ்ல சொல்வாங்க. ஒரு பாட்டி சாகக் கிடந்தப்ப தெலுங்குலயே ஏதோ சொல்லிட்டு இருந்தாங்க, நான் கைய புடிச்சுட்டு உக்காந்திருந்தேன், மகன்தான் அப்பப்ப சொன்னார். மாடு கட்டியாச்சா, கோழிய அடைச்சாச்சான்னு கேட்டுட்டே இருந்தாங்களாம். எல்லாம் ஆச்சும்மான்னு சொல்லச் சொன்னேன்.

கொசு: க்ரீம் வேணாம், வத்தியும் வேணாம், நீங்க எந்த வீட்டுக்கு எப்ப போவீங்கன்னு உங்களுக்கே தெரியாது. கொசுவலை எடுத்துட்டுப் போங்க, கூடவே நல்ல நீளமா நாலு கயிறு. கட்டில் இருக்காது, ஜன்னல் கம்பில ரெண்டு, கதவுத் தாப்பாள்ல ஒண்ணு, சட்டை மாட்டற ஆணில ஒண்ணு கட்டிக்கலாம். அந்த அக்கா வீடு நீங்க போற பங்குலதான் வருது. போன வாரம் பேசினாங்க, இந்த வெள்ளாமைக்கு புழு மே ரெண்டாவது வாரம் கடைசி தோல் உரிக்குமாம். ராத்திரி இலை போட ஆள் வேணும்னாங்க, நீங்க வர்றத சொல்லியிருக்கேன்.